பெயரைத் தொலைத்த முகங்கள்

ஒரு நாவலைப் படித்து முடித்த கையோடு, அதிலுள்ள படங்களை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்காமல் விளக்கை அணைக்க மனம் வராத நிலை எனக்கு வெகு காலத்துக்குப் பிறகு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அந்த ஆனந்தத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள விருப்பமில்லை; ஆகவே இந்தப் பதிவு. (நீளமானதுதான். அவகாசம் இருக்கும்போது வாசியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.)

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள், பாலக்கோட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள். ஆங்கில நாவல், பெயர் 'மிஸ் பெரெக்ரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்'. எழுதியவர் ரான்சம் ரிக்ஸ் என்னும் அமெரிக்கர். 2011 இல் பிலடெல்பியாவின் குவர்க் புக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்டது. அட்டையிலே ஒரு சிறுமி. பழங்காலத்துக் கவுன், தலையில் சிறு கிரீடம், முகத்திலே சிரிப்பின் அடையாளமே இல்லை. சற்று நிதானித்துப் பார்த்த பிறகுதான் அவளுடைய பாதங்கள் தரையைத் தொடவில்லை என்பது கண்ணுக்குப் புலப்படுகிறது.

"மாமா, இது வரைஞ்சது இல்ல. நெசமான போட்டோவாம். உள்ள இருக்கிறது எல்லாமே நெசமாம்" என்றாள்.

எனக்கு அது போதும். அன்றிரவே ஆரம்பித்துவிட்டேன்.

கதையை முழுவதும் சொல்லி உங்கள் ஸ்வாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன். வாசலைத் திறந்து காட்டுகிறேன், உள்ளே நீங்களே போய்க்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் வசிக்கும் ஜேக்கப் என்ற பையனுக்கு ஒரு தாத்தா. போலந்து தேசத்து யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி, வேல்ஸ் நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவின் குழந்தைகள் இல்லத்தில் அடைக்கலம் புகுந்து வளர்ந்தவர். அந்த இல்லத்தில் தம்மோடிருந்த பிள்ளைகளைப் பற்றி அவர் பேரனிடம் கதை கதையாகச் சொல்லுவார்: காற்றில் மிதக்கும் பெண், கண்ணுக்குத் தெரியாத பையன், பாறையை ஒரு கையால் தூக்குகிறவன், வயிற்றுக்குள்ளே தேனீக்களை வைத்திருப்பவன். வெறும் கதையல்ல என்று காட்டுவதற்குச் சுருட்டுப் பெட்டியிலிருந்து பழைய புகைப்படங்களை எடுத்துக் காட்டுவார். பையன் சிறுவனாயிருக்கையில் நம்புகிறான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்த பிறகு நம்ப மறுக்கிறான். தாத்தா சொன்ன ராட்சசர்கள் நாஜிகள்தாம், அந்த விசித்திரப் பிள்ளைகள் எல்லாம் வேட்டையாடப்பட்ட யூதக் குழந்தைகள்தாம் என்று குடும்பத்தார் அறிவுக்கு ஏற்ற ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் தாத்தா காட்டில் கோரமாகத் தாக்கப்பட்டுக் கிடக்கிறார். சாகும் தறுவாயில் அவர் பேரனிடம் சொல்லும் அரைகுறை வார்த்தைகளில் ஒரு தேதி வருகிறது: 1940 செப்டம்பர் 3.

அந்தத் தேதியைப் பின்தொடர்ந்து பையன் தீவுக்குப் போகிறான். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

இந்தக் கதை என்னை இவ்வளவு தூரம் ஆட்கொண்டதற்குக் காரணம் கதை மட்டுமல்ல. அது உண்டான விதமுங்கூட. ரிக்ஸ் பழஞ்சாமான் சந்தைகளில் குவித்துப் போட்டு விற்கப்படும் அநாமதேயப் புகைப்படங்களை வாங்கிச் சேர்க்கிற பழக்கமுள்ளவர். அவற்றுள் விநோதமானவற்றைத் திரட்டி ஒரு படத்தொகுப்பாகப் போடலாம் என்ற எண்ணத்தோடு பதிப்பாசிரியரிடம் போனார். அவரோ, இந்தப் படங்களையே ஆதாரமாக வைத்து ஒரு நாவல் எழுதினால் என்ன என்று கேட்டார். ரிக்ஸ் மற்றச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளையும் துழாவி, ஏறக்குறைய ஐம்பது படங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றிலிருந்தே பாத்திரங்களையும் சம்பவங்களையும் படைத்துக்கொண்டார். வெகு சிலவற்றில் சிறு திருத்தம் செய்ததைத் தவிர மற்றவை கிடைத்தபடியே அச்சாகியிருக்கின்றன.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் தொடர்கதையும் படமும் சேர்ந்தே வளர்ந்தவை. கல்கிக்கு மணியம் வரைந்தார். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வேதாளம் என்றவுடன் கதைக்கு முன்னால் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கெல்லாம் கதை முன்னே போக, சித்திரம் அதன் பின்னே போயிற்று. எழுத்தாளர் சொன்னதை ஓவியர் கண்டார். இங்கே முறை தலைகீழ். எங்கோ, எப்போதோ, எவரோ எடுத்த ஒரு படம் முன்னே நிற்கிறது. எழுத்தாளர் அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையைக் கேட்டு வாங்குகிறார். அச்சம் உண்டாவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓவியத்தில் மிதக்கும் பெண் ஓவியனுடைய கற்பனை. புகைப்படத்தில் மிதக்கும் பெண்ணோ ஒருநாள் காலையிலோ மாலையிலோ, ஒரு கேமராவுக்கு முன்னால், மூச்சும் உயிருமாக மெய்யாகவே நின்றவள். (நின்றாளா, மிதந்தாளா?) அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை இப்போது அறிந்தவர் எவருமில்லை.

பழைய படங்கள் இயல்பாகவே இப்படி அமானுஷ்யமாகத் தோன்றுவதற்கு யந்திர ரீதியான காரணங்களும் உண்டு. அந்தக் காலத்துக் கேமராவின் கண் வெகுநேரம் திறந்திருக்கவேண்டும். அதற்குள் அசைந்தவன் ஆவியைப்போல் மங்கிப் போவான், நடந்து போனவன் படத்திலேயே இருக்க மாட்டான். கைக்குழந்தை அசையாமலிருக்க வேண்டும் என்பதற்காகத் தாயின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, நாற்காலியைப்போல் உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் பிடித்தார்கள்; இன்று பார்க்கிறவர்களுக்கு ஒரு முக்காடிட்ட உருவம் குழந்தையை அணைத்துக்கொண்டிருப்பதாகப் படுகிறது. ஒரே தகட்டில் இரண்டு முறை ஒளி பாய்ச்சினால் ஒருவனே இருவராகிவிடுவான். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. நம் தருமபுரிக்கு அண்டை ஊரான சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1940 இல் எடுத்த 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினாரே, அதைப் பார்த்த ஜனங்கள் அடைந்த பிரமிப்பின் சிறு வடிவம் ஸ்டூடியோக்காரர்களின் இருட்டறையில் ஏற்கெனவே இருந்தது.

இந்த மேற்கத்தியப் படங்களைப் பார்த்துக்கொண்டே போகையில், எனக்கு நம் வீட்டுப் பரண்களின் ஞாபகம் வந்தது. இதைத்தான் உங்களோடு விஸ்தாரமாகப் பேசவேண்டும் என்றிருக்கிறேன்.

நம்மிடம் இல்லாத விசித்திரமா?

பூ வைத்துத் தைத்த ஜடையோடு நிற்கும் பெண்ணின் படத்தை யோசித்துப் பாருங்கள். வளைகாப்புக்கோ, மஞ்சள் நீராட்டுக்கோ எடுத்ததாக இருக்கும். ஜடையும் தெரியவேண்டும், முகமும் தெரியவேண்டும் என்பதற்காக அவளுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியை நிறுத்துவார்கள். வருஷங்கள் கழிந்து படம் மங்கிய பிறகு கண்ணாடியின் விளிம்பு சுவரோடு கலந்துவிடுகிறது. அப்போது பார்த்தால் ஒரே உயரத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி நம்மைப் பார்த்துக்கொண்டும், மற்றொருத்தி நமக்கு முதுகைக் காட்டி இருட்டைப் பார்த்துக்கொண்டும் நிற்கிறார்கள். குலதெய்வத்துக்கு முடி இறக்குவதற்கு முன்னால் ஆண்குழந்தைக்குப் பாவாடை கட்டி, பொட்டிட்டு, சடை பின்னி எடுத்த படங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன! அந்தப் பெண்குழந்தை உலகத்தில் ஒருநாள் மாத்திரமே இருந்தாள். மறுநாள் மொட்டைத் தலையோடு ஒரு பையன் இருந்தான்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாயிருக்கலாம். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நிற்க எடுத்த படம். சென்ற தலைமுறை வரையில் நம் கிராமங்களில் இது சர்வ சாதாரணம். உயிரோடிருந்த காலத்தில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாதவருக்கு (படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அஞ்சியவர் எத்தனை பேர்!) அதுவே முதலும் கடைசியுமான படம். ஸ்டூடியோவில் டச்சிங் செய்கிறவர் மூடிய இமைகளின்மேல் நுண்ணிய தூரிகையால் திறந்த கண்களை எழுதிவிடுவதுமுண்டு. அப்படி எழுதிய கண்கள் எந்தத் திசையையும் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தைச் சந்தையில் கண்டெடுத்தால் குலை நடுங்கிப் போவார். வீட்டாருக்கோ அது தெய்வம், அதற்கு விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். படம் ஒன்றுதான். பெயர் தெரிந்தவருக்கு அது பாட்டனார்; பெயர் தெரியாதவருக்குப் பயங்கரம்.

நாவலின் சூட்சுமமும் இதிலேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஜேக்கபின் தாத்தா படங்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பையனின் தகப்பனோ அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு அவை போலிப் படங்கள். பெயர்கள் ஒரு தலைமுறையைத் தாண்டி மூன்றாம் தலைமுறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தாத்தாவின் உயிரே போய்விடுகிறது.

சரி, நாமும் செய்து பார்ப்போமே என்று எனக்கும் தங்கை மகளுக்கும் ஆசை வந்தது. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு கதை எழுதுவது என்று ஏற்பாடு. முதலில் அவள் எழுதியவையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த பேய்க் கதைகளின் சாயலிலேயே வந்தன. வெள்ளைப் புடவை, நள்ளிரவு, நாய் ஊளை. நான் எழுதியவையோ படத்தில் தெரிந்ததையே வருணித்துவிட்டு நின்றுவிட்டன. பிறகு வேறொரு வழியைப் பரீட்சித்துப் பார்த்தோம். படத்தில் இருக்கிறதைப் பற்றி எழுதக்கூடாது. படத்தின் ஓரத்துக்கு அப்பால் இருந்ததை எழுதவேண்டும். இந்தப் பையன் யாரைப் பார்த்து மிரள்கிறான்? இந்த அம்மாள் தன் இடது கையை ஏன் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறாள்? பின்னால் தொங்கும் திரையில் வரைந்திருக்கும் மாடிப்படியில் ஏறிப் போனால் எங்கே போகலாம்? அன்றிலிருந்து பேனா ஓட ஆரம்பித்தது. ஸ்டூடியோத் திரைகளில் வரைந்திருக்கும் அந்த மாடிப்படிகளும் ஏரிகளும் தூண் மண்டபங்களும் ஒரே தேசத்தைச் சேர்ந்தவை என்றும், திரைக்கு மிக அருகில் நின்றவர்கள் அந்தத் தேசத்துக்குள் நழுவிவிடுகிறார்கள் என்றும் அவள் ஒரு கதை எழுதினாள். இன்னமும் எனக்கு அது மறக்கவில்லை.

பெட்டியில் ஒரு கல்யாண குரூப் போட்டோ இருந்தது. கடைசி வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தை மட்டும் யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். அடுத்த வீட்டு ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மற்ற எல்லோருடைய பெயரையும், யார் யாருக்கு என்ன முறை என்பதையும், எவருக்கு எந்த ஊரில் நிலம் இருந்தது என்பதையும் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த இடத்துக்கு விரல் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது யாரு ஆயா?"

"அது யாரா இருந்தா உனக்கென்ன கண்ணு. போட்டோவ உள்ள எடுத்து வை."

எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. ரிக்ஸுக்குக் கிடைத்த படங்களுக்கு விடை சொல்ல ஆளில்லை. எங்களுக்குக் கிடைத்ததற்கு ஆள் இருந்தும் விடை இல்லை. இதில் எது அதிக மர்மம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இங்கே நம் மாவட்டத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேச அனுமதி கொடுங்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் அவசியம் போகவேண்டும். நடுகற்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கும் பூசலில் பட்டவன், புலியோடு பொருது மடிந்தவன், ஊரைக் காத்து வீழ்ந்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒருவன் வில்லோடும் வாளோடும் நிற்கிறான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது, சிலவற்றில் காலடியில் மாடுகள் நிற்கின்றன. மேலே வட்டெழுத்தில் சில வரிகள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய மகன், எதற்காகச் செத்தான். படமும் அதன்மேல் நாலு வரி எழுத்தும்! ரிக்ஸ் 2012 இல் 'டாக்கிங் பிக்சர்ஸ்' என்று மற்றொரு புத்தகம் போட்டார். பின்புறத்திலோ ஓரத்திலோ எவராவது எதையாவது எழுதி வைத்த பழம்படங்களை மட்டும் அதில் சேர்த்தார். அதைப் புரட்டியபோது, பழைய தகடூர் நாடாகிய நம் பகுதியின் கல்தச்சர்கள் ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன்னால் செய்ததும் இதே காரியந்தானே என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கள்வரைக் கடித்த நாயாம் அது. நாய்க்குங்கூடப் பெயர் எழுதி வைத்த பூமி இது! தொல்லியல் துறையின் பொறுப்பில் இரா. நாகசாமி இருந்த காலத்தில், 1972 இல், 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலாகவே இவற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள்.

ஆனால் எழுத்துத் தேய்ந்துபோன கற்களும், படிக்க ஆளில்லாமல் வயல் வரப்பிலும் வேப்பமரத்தடியிலும் நிற்கும் கற்களும் என்னவாயின? ஜனங்கள் அவற்றை விட்டுவிடவில்லை. வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். வில்லேந்திய அந்த உருவத்தைப் பார்த்து, இவன் வேட்டைக்குப் போனான், இன்ன காட்டில் இன்னது நடந்தது என்று புதிதாக ஒரு சரித்திரத்தையே சொல்லிக்கொண்டார்கள். பெயர் போன உருவம் மற்றொரு பெயரைத் தானே தேடிக்கொள்கிறது. அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் தனி மனிதராகச் செய்ததை, அரூர்ப் பக்கத்திலும் பென்னாகரத்துப் பக்கத்திலும் ஒரு ஜனசமூகமே, தலைமுறை தலைமுறையாக, பக்தியோடு செய்து வந்திருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு பொருத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. நாவலில், 1940 ஆம் ஆண்டுக்குள் நுழையும் வழி ஒரு புராதனக் கற்குவியல் சமாதியின் உள்ளே இருக்கிறது. குனிந்து உள்ளே போய் வெளியே வந்தால் காலம் மாறியிருக்கும். முன்பு நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்து, 2004 இல் கிருஷ்ணகிரியோடு பிரிந்துபோன பகுதியில் மல்லசந்திரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறைக் குன்றின்மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடு கல், ஒரு பக்கத்துக் கல்லில் மட்டும் வட்டமான ஒரு துளை. ஒரு குழந்தை நுழையலாம். பெரியவர் நுழைய முடியாது. இப்படிப்பட்ட கல்வீடுகளைத் தமிழ்நாட்டில் பாண்டவர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் சொல்லுவார்கள். முன்னொரு யுகத்தில் முழ உயர மனிதர்கள் இவற்றில் குடியிருந்தார்கள் என்று பாட்டிமார் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, ரிக்ஸின் தீவு அந்நியமாகவே தோன்றாது.

அதனாலேயே எனக்கு ஒரு கற்பனை உண்டாயிற்று. நாவலில் அந்த இல்லத்துக் குழந்தைகளுக்கு 1940 செப்டம்பர் 3 மட்டுமே உண்டு; ஒவ்வோர் இரவும் ஜெர்மானியரின் குண்டு விழுவதற்குச் சற்று முன்னால் காலம் திரும்பி அதே காலைக்குப் போய்விடுகிறது. அதே நாள் தருமபுரியில் எப்படி இருந்திருக்கும்? விக்கிரம வருஷம், ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து ஓரிரு நாள்தான். இரவு நல்ல இருட்டாக இருந்திருக்கும். இன்னும் சில நாட்களில் பிள்ளையார் சதுர்த்தி. அப்போது நம் ஊர் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 இல் போட்ட குறுகிய பாதையில் சின்ன ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தது. 1941 இல், யுத்த காலத்தில், அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்; தண்டவாளங்களும் போயின. ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமையில் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒருநாளுக்குள் அடைபட்ட குழந்தைகள் இங்கே இருந்திருந்தால், தினந்தோறும் அதே ரயிலின் ஊதலைக் கேட்டிருப்பார்கள். கொழுக்கட்டைக்கு மாவு இடிக்கும் பேச்சைத் தினந்தோறும் கேட்டிருப்பார்கள். பண்டிகை மட்டும் அவர்களுக்கு ஒருநாளும் வந்திருக்காது. இதைச் சொன்னதும் என் தங்கை மகள் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாவலில் எனக்குத் திருப்தியில்லாத இடமும் உண்டு. தாத்தாவின் இளமைக் காலத்துக் காதலியாயிருந்தவளோடு, வயதாகாமல் அப்படியே இருக்கும் காரணத்தால், பேரனுக்கும் காதல் உண்டாவதாக எழுதியிருப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. தாத்தாவுக்கு அவள் எழுதிய கடிதங்களின் துயரம் அவ்வளவு ஆழமானது. அதன்மேல் இதை ஏற்றியிருக்க வேண்டாம். பின்பாதியில் ராட்சசர்களைத் துரத்தும் சண்டைகள் வந்த பிறகு படங்கள் கதைக்காக வலிந்து நுழைக்கப்பட்டவைபோல் ஆகிவிடுகின்றன. முன்பாதியில் ஒரு படத்துக்காகப் பக்கம் பக்கமாக ஏங்கிய வாசகன் அங்கே அவசரமாகப் புரட்டிக்கொண்டு போகிறான். தொடர்ச்சியாக 2014 இல் 'ஹாலோ சிட்டி', 2015 இல் 'லைப்ரரி ஆஃப் சோல்ஸ்' என்று வந்து, பிறகு மேலும் மூன்று நாவல்கள் 2021 வரையில் வெளியாயின. முதல் நூலின் நிதானம் மற்றவற்றில் குறைவு. டிம் பர்ட்டன் 2016 இல் எடுத்த திரைப்படத்தைப் பற்றிக் கேட்பீர்கள்; பார்க்க அழகுதான். ஆனால் ஓடுகிற படத்தில் அந்த அசையாத படங்களின் பயம் எங்கிருந்து வரும்? ஒரு பெண்ணின் சக்தியை எடுத்து இன்னொரு பெண்ணுக்கு வேறு கொடுத்துவிட்டார்கள். புத்தகத்தைப் படித்த பிறகு பாருங்கள். அதுவும் காகிதப் புத்தகத்தை. கைப்பேசித் திரையில் இந்தப் படங்களின் சொரசொரப்பும் கீறலும் தெரியாது.

நம் பரண்களுக்குத் திரும்புகிறேன். அந்தச் சந்தைகளுக்கு அத்தனை படங்கள் எப்படி வந்து சேர்ந்தன? 1900 இல் கோடக் நிறுவனம் ஒரு டாலருக்குப் பிரௌனி கேமராவை விற்கத் தொடங்கியபின் சாமானியர் வீடுகளிலெல்லாம் படங்கள் பெருகின; வீட்டுக்காரர் இறந்ததும் சாமான்களோடு சேர்த்துப் படங்களையும் பெட்டியாக விற்றார்கள். நம்மிடம் விற்பனைகூட நடக்கவில்லை. எத்தனையோ ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவ்களை வெள்ளிக்காகப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டார்கள். கண்ணாடித் தகடுகளைக் கழுவி வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். எஞ்சியவற்றைப் பூஞ்சை தின்றது. டிஜிட்டல் வந்தபின் ஸ்டூடியோக்களே மூடின. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி என்னும் மானிடவியலாளர் தலைமையில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மகத்தான காரியம். ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பரணுக்கும் புதுச்சேரியிலிருந்து ஆள் வர முடியாது.

நம் பகுதியைக் கேமரா கண்டது நேற்றல்ல. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த கேப்டன் லினேயஸ் டிரைப், ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களையும் படம் பிடித்து 1858 இல் ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார். மெழுகிட்ட காகித நெகடிவ். வானத்து மேகங்களைத் தூரிகையால் தாமே தீட்டிச் சேர்க்கும் வழக்கமுடையவர் அவர். மலையும் கோட்டையும் அவருக்கு அசையாமல் நின்றன. அன்று அந்தப் பாதையில் சுள்ளிக் கட்டோடு போன பெண்ணும், ஆடு ஓட்டிப் போன பையனும், கேமராவின் கண் திறந்திருந்த அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த குற்றத்துக்காகப் பதியாமலே போனார்கள்.

ஆகவே, விடுமுறை முடிவதற்குள் நானும் தங்கை மகளும் ஆயாவை மறுபடியும் உட்காரவைத்தோம். படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், முறை, தெரிந்தால் வருஷம். (பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். செல்லோ டேப்பும் வேண்டாம். சில வருஷங்களில் மஞ்சளாகிப் படத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்ட படத்தைப் பலவந்தமாகப் பிய்க்காமல், அப்படியே வைத்து ஸ்கேன் செய்துகொள்ளலாம்.) ஆயா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சுரண்டிய முகத்துக்கு நேரே எதுவும் எழுதவில்லை, ஆயா அனுமதிக்கவில்லை.

எனக்கு இப்போது ஒரு படம் வேண்டும். மொரப்பூர் - தருமபுரி சின்ன ரயிலின் படம். வெறும் இஞ்சினாக இல்லாமல், ஜன்னலோரத்தில் முகங்களோடு. உங்கள் பாட்டனாரோ முப்பாட்டனாரோ அதில் ஏறிப் போயிருப்பார்கள், அல்லது ஸ்டேஷனில் வேலை பார்த்திருப்பார்கள், அல்லது வேடிக்கை பார்க்க நின்றிருப்பார்கள். பொம்மிடி, கடத்தூர், மொரப்பூர், நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கத்து வீடுகளில் எவரிடமாவது அப்படி ஒரு படம் இருந்தால், முதலில் அதிலிருப்பவர் யாரென்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எனக்கும் ஒருமுறை காட்டுங்கள்.